மூட்டுவலியும் ஸ்டீராய்டு ஊசியும்: நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

கோபாலபுரம் என்றால் நம் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் இது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்படும் வரை, சரக்கு ஏற்றிய லாரி எதுவானாலும் இங்கே நின்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என்ன சரக்கு? எவ்வளவு எடை? எங்கே போகிறது? பில் என்ன தேதி? ஒரு மூட்டைக் கொப்பரையானாலும் இந்த நான்கும் காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நகராது.

ஆனால் நம் உடம்புக்குள் ஏறும் மருந்தை இந்த நான்கில் ஒன்றையாவது கேட்டு நாம் ஏற்றிக்கொள்கிறோமா? இல்லை என்பது கண்கூடு. அதிலும் மூட்டுவலிக்குப் போடும் ஊசி விஷயத்தில் நம் மக்களின் அறியாமை மிகப் பெரிது. இக்கட்டுரையை எழுதத் துணிந்தது அதனால்தான்.

நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1984-இல் இங்கு வந்து, நாட்டு மருந்தும் மளிகையும் விற்றுப் பிழைப்பவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் கடையடைத்த பிறகு இரவில் படித்தவை. தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவை.

ஒரே பெயர், இரண்டு பயங்கள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சுற்றுவட்டாரத்தில் தென்னை ஏறுவோரும் மூட்டை தூக்குவோரும் நிறைய. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை பார்க்கும் நம் சொந்தங்கள் ஊருக்கு வந்தால் கடைக்கும் வருவார்கள். தோள் தூக்க முடியவில்லை, கட்டை விரல் அடியில் குத்துகிறது, முழங்கால் மடங்கவில்லை. பேச்சு கடைசியில் ஊசிக்கு வந்து நிற்கும்.

ஒருவர் சொல்வார்: “முட்டிக்குள்ள ஊசி போடணும்னு டாக்டரு சொன்னாருங்க. அது ஸ்டீராய்டாம். போட்டா எலும்பே கரைஞ்சுருமாமே, வேண்டாம்னு வந்துட்டேனுங்க.” அடுத்த நாள் இன்னொருவர் வருவார்: “எனக்கு மாசம் ஒரு ஊசி இடுப்புல போட்டுக்கறேனுங்க. அம்பது ரூவாதான். மறுநாளே மரம் ஏறிடுவேன்.” என்ன மருந்து என்று கேட்டால், “வலி ஊசிங்க” என்பார்.

முதலாமவர் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டிய இடத்தில் துணிகிறார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்தைத்தான். வேறுபாடு மருந்தின் பெயரில் இல்லை. அளவிலும், போடும் இடத்திலும், போடும் இடைவெளியிலும் இருக்கிறது.

ஸ்டீராய்டு என்பது என்ன?

நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்னும் சிறு சுரப்பிகள் உள்ளன. அவை கார்டிசால் என்ற பொருளை நாள்தோறும் சுரக்கின்றன. விடியற்காலையில் அதிகம், இரவில் குறைவு. இரத்த அழுத்தம், சர்க்கரை, உடம்பின் தாங்கும் சக்தி எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. மூட்டுக்குப் போடும் ஸ்டீராய்டுகள் இந்தக் கார்டிசாலின் உறவினர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கச் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உடம்பில் ஓரிடம் அடிபட்டாலோ தேய்ந்தாலோ அங்கே சிவப்பு, சூடு, வீக்கம், வலி உண்டாகும். இதை அழற்சி என்கிறோம். பழுது பார்க்க உடம்பு அனுப்பும் படைதான் அது. சில நேரம் படை வந்த வேலை முடிந்தும் திரும்பாது, அதுவே நோயாகிவிடும். ஸ்டீராய்டு அந்தப் படையைத் திருப்பி அனுப்புகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களை உயிரணுக்கள் உண்டாக்காமல் தடுக்கிறது. சுருங்கச் சொன்னால், தீயை அணைக்கும். எரிந்த வீட்டைக் கட்டித் தராது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது.

இந்த மருந்து வந்த வழி

அமெரிக்காவில் மயோ கிளினிக் என்னும் மருத்துவ நிலையத்தில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் இருந்தார். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி குறைவதையும், கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே குறைவதையும் அவர் கவனித்தார். உடம்பே ஏதோ மருந்து செய்கிறது என்று ஊகித்தார். அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலார் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றில் ஒன்று கார்டிசோன். 1948 செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் படுத்துவிட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு அதை முதன்முதலாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டால், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த சூட்டிலேயே மருந்தின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. தொடர்ந்து எடுத்தவர்களுக்கு முகம் நிலவு போல் ஊதியது, எலும்பு மெலிந்தது, வயிற்றில் புண் வந்தது, மனம் கலங்கியது. உடம்பு முழுவதும் மருந்தை ஏற்றாமல், வலிக்கும் மூட்டில் மட்டும் சிறிதளவு வைத்தால் என்ன என்ற யோசனை அப்போது பிறந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் ஹாலண்டர் 1951-இல் இதைச் செய்து எழுதினார். கார்டிசோனை மூட்டில் போட்டால் பலன் சரியாக இல்லை. ஹைட்ரோகார்டிசோன் நன்றாகக் கேட்டது. காரணம், கார்டிசோன் கல்லீரலுக்குப் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். இன்றைய மூட்டு ஊசிக்கு அடிப்படை ஹாலண்டர் காட்டிய வழியே.

சமணனாகிய எனக்கு இதில் இன்னொரு செய்தியும் உறுத்தியது. முதலில் இந்த மருந்தை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்தார்கள். பின்னர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு ஒன்றிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு, 1952-இல் அப்ஜான் நிறுவனத்தார் ஒரு பூஞ்சையின் உதவியால் எளிய வழி கண்டார்கள், விலை சரிந்தது. இப்போது சோயா போன்றவற்றின் எண்ணெய்ப் பொருளிலிருந்தும் செய்கிறார்கள். கிழங்கே தொடாத என் தாயார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எதிலிருந்து வந்தது என்று ஆராயும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அந்த வழக்கத்தை நானே ஒருமுறை கைவிட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்று வழிகள்

ஸ்டீராய்டு மூன்று வழிகளில் உடம்புக்குள் போகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஒன்று, மாத்திரை. முடக்குவாதம், ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. இரண்டு, இடுப்பிலோ கையிலோ போடும் ஊசி. இதுவும் மாத்திரை போலவே உடம்பு முழுவதும் பரவும். 2020-இல் கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புகுந்த டெக்ஸாமெத்தசோன் இந்த வகையிலும் போடப்படுகிறது. மிகவும் மலிவு. தக்க நோய்க்கு உயிர் காக்கும் மருந்து. வெறும் மூட்டுவலிக்கு மாதாமாதம் போட்டுக்கொண்டால் உயிரைக் குடிக்கும் மருந்து. மூன்று, மூட்டின் உள்ளேயோ, தசைநாணின் உறைக்குள்ளேயோ போடும் ஊசி. இதில் மருந்து நீரில் எளிதில் கரையாத நுண்துகள்களாக இருக்கும்; பெரும்பகுதி போட்ட இடத்திலேயே தங்கி மெல்ல மெல்லக் கரையும். முழங்காலுக்கு ட்ரையம்சினலோன் என்றால் வழக்கமாக 40 மில்லிகிராம். விரலுக்கு அதில் கால் பங்கு போதும். சிறிதளவு இரத்தத்திலும் கலக்கும். அது சில நாள் விஷயம்.

ஆக, மருத்துவர் மூட்டுக்குள் ஒருமுறை போடும் ஊசியும், என்னவென்றே தெரியாமல் இடுப்பில் மாதாமாதம் போட்டுக்கொள்ளும் ஊசியும் ஒன்றல்ல.

என் கடையில் நடந்தது

2008-இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி மூட்டுவலிச் சூரணம் என்று ஒரு பொடியைக் கொண்டுவந்தார். முழுக்க மூலிகை என்றார். பொட்டலத்தில் சேர்மானம் அச்சிடவில்லை. நான் கேட்டேன், “குடும்ப ரகசியம்” என்றார். சுக்கையும் திப்பிலியையும் முகர்ந்தே தரம் சொல்லுகிறவன் நான். அதை மட்டும் கேள்வி கேட்காமல் அடுக்கில் வைத்தேன். சரக்கு பறந்தது. மூன்றே நாளில் வலி போகிறது என்று ஆட்கள் தேடி வந்தார்கள். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சீக்கிரம் கேட்கும் மூலிகை எதையும் என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. அந்தச் சந்தேகம் அப்போதே எழுந்திருக்க வேண்டும். லாபம் கண்ணை மறைத்தது.

ஏலத்தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து மகனோடு தங்கியிருந்த ஓர் அம்மாள், வயது 62, எட்டு மாதம் அதை வாங்கிச் சாப்பிட்டார். “நயினாரே, உங்க பொடி அமிர்தமுங்க” என்பார். ஒருநாள் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி வட்டமாகிவிட்டது. கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போன கருநீலம். எங்கோ படித்தது மண்டையில் உறைத்தது. அன்றைக்கே பொடியை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு, “இனி அது வேண்டாம்மா” என்று சொல்லி அனுப்பினேன். நல்லது செய்ததாக நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஓயாத வாந்தி, எழுந்து நிற்க முடியாத சோர்வு, இரத்த அழுத்தம் கீழே. நான் ஓடினேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். வெளியிலிருந்து பல மாதம் மருந்து வந்துகொண்டே இருந்ததால் அந்த அம்மாளின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிவிட்டது. பொடியைத் திடீரென்று நிறுத்தியதும், உடம்பில் சொந்தக் கார்டிசாலும் இல்லை, வந்த கார்டிசாலும் இல்லை. “நீங்க நிறுத்தினது சரி, நிறுத்தின விதம்தான் தப்பு” என்றார் என்னைப் பார்த்து. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் மருந்தை இம்மி இம்மியாகக் குறைத்துச் சுரப்பியை எழுப்பப் பல மாதம் ஆயிற்று. அவர் குடும்பம் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆகவே இதைப் படிப்பவர்கள் யாராவது பெயர் தெரியாத பொடியோ, மாத்திரையோ, இடுப்பு ஊசியோ பல வாரமாக எடுத்துவந்தால், இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அந்தப் பொட்டலத்தையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாள்பட்ட பழக்கத்தால் இடுப்பு மூட்டின் பந்துமுனைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிவதும் உண்டு. இடுப்புமடிப்பில் விடாத வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மூட்டு ஊசி எங்கே பலன் தரும்?

தோள் இறுகிப்போவது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். அதன் தொடக்கத்தில் ஊசி போட்டால் வலி தணிந்து பயிற்சி செய்ய முடிகிறது. விரல் மடங்கி மாட்டிக்கொள்ளும் நோயில் ஒரே ஊசியில் குணமானவர் பலர். கட்டை விரல் அடியில் தசைநாண் உறை வீங்குவதற்கும் நன்றாகக் கேட்கும். முழங்கால் திடீரென்று நீர்கோத்துச் சூடாகி வீங்கினால் சில வாரங்களுக்கு நிம்மதி தரும்.

ஆனால் எல்லா வலிக்கும் ஊசி என்று போகக் கூடாது. முழங்கையின் வெளிப்பக்க வலியை டென்னிஸ் எல்போ என்பார்கள். மட்டை பிடிக்காத மரமேறிக்கும் வரும். இதற்காக ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே திரும்பியது! குதிகாலின் பின்னால் உள்ள தடித்த தசைநாணுக்குள் போட்டால் அது அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

முழங்கால் தேய்மானத்துக்கு 2017-இல் பாஸ்டன் நகர ஆய்வு ஒன்று வெளிவந்தது. 140 பேர். 12 வாரத்துக்கு ஒருமுறை வீதம் 2 ஆண்டுகள் பாதிப் பேருக்கு 40 மில்லிகிராம் ட்ரையம்சினலோன், பாதிப் பேருக்கு உப்புநீர். முடிவில் வலியில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்புத் தேய்வோ மருந்து போட்டவர்களுக்கே அதிகம். 2020-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசியைவிடப் பிசியோதெரபி ஓராண்டு முடிவில் அதிக பலன் தந்தது.

வியாபாரி மொழியில் சொன்னால், முழங்கால் ஊசி கைமாற்றுக் கடன் போன்றது. அவசரத்துக்கு வாங்கலாம். வாங்கிய காலத்தில் தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு என்று உழைத்தால் கடன் பயன்படும். கடனையே வருமானமாக நினைத்தால் வீடு மூழ்கும். பொதுவாக ஒரே மூட்டில் மூன்று மாதத்துக்குள் மறுபடி போடுவதில்லை என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு.

போடும்போதும் போட்ட பிறகும்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே இடத்தோள் இறுகிப்போயிற்று. சட்டைக்குள் கை நுழையவில்லை. பழைய நினைவால் ஊசிக்குப் பயந்தேன். மருத்துவர் மருந்துக் குப்பியைக் காட்டிப் பெயரைப் படிக்கச் சொன்னார், அளவைச் சொன்னார், தோளில் விரல் வைத்து இடத்தைக் காட்டினார், சீட்டில் தேதியோடு எழுதிக் கொடுத்தார். என் பயம் பாதி அங்கேயே போயிற்று.

ஊசியோடு மரத்துப்போகும் மருந்தும் கலப்பார்கள். அதனால் முதல் சில மணி நேரம் வலி இருக்காது. பிறகு திரும்ப வரும். “ஊசி வீணாப் போச்சு” என்று நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். முதல் இரண்டு நாள் வலி கூடுவதும் சிலருக்கு உண்டு. ஐஸ் ஒத்தடம் போதும். எனக்குச் சர்க்கரை உண்டு. ஊசிக்குப் பின் ஒரு வாரம் அளவு ஏறியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கலங்கவில்லை. போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழுவதும் உண்டு. நம்மைப் போன்ற கருத்த தோலில் அது தெரியும்.

கிருமி புகுவது அரிது. பல ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் மூட்டு சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ, போடும் இடத்தில் புண்ணோ, மூட்டில் காசநோய் என்ற ஐயமோ இருந்தால் ஊசி போடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மூன்று மாதத்துக்குள் செய்ய இருப்போரும் முன்பே சொல்ல வேண்டும். வலி போன மறுநாளே மரமேறவோ மூட்டை தூக்கவோ கூடாது. வலிதான் போயிருக்கிறது, புண் ஆறவில்லை.

நான்கு கேள்விகள்

நம் முன்னோர் மருந்தின் பெயராலேயே நீதி நூல்களுக்குப் பெயரிட்டார்கள். கணிமேதாவியாரின் ஏலாதி, காரியாசானின் சிறுபஞ்சமூலம் இரண்டும் சமணர் செய்தவை. ஏலாதி என்னும் மருந்துக்கு ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு. என்ன சரக்கு, எத்தனை பங்கு என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ரகசியம் அதில் இல்லை.

தானங்கள் நான்கு என்பது எங்கள் மரபு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். மருந்தைக் கொடுப்பவன் அதைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தானம் முழுமை பெறும் என்பதை நான் அந்த அம்மாளிடம் கற்றுக்கொண்டேன். அவர் இன்றும் கடைக்கு வருகிறார். சுக்குப் பொட்டலம் வாங்கினால்கூட, “இதுல வேற என்னங்க சேர்த்திருக்குது?” என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பார். கேட்கட்டும், நான் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்.

அன்பர்களே, ஊசிக்கு முன் நீங்களும் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்? எந்த இடத்தில் போடுகிறீர்கள், மூட்டிலா இடுப்பிலா? இதற்கு முன் போட்டது எந்தத் தேதி, அடுத்தது எப்போது? நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். தோட்டத்து மருத்துவமனையில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தால், பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்பவரிடம் நம்பிக்கையோடு போட்டுக்கொள்ளலாம். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்பவரிடமிருந்து, வலியோடே ஆனாலும் எழுந்து வந்துவிடுங்கள்.